காற்றா, சிகரெட்டா? நுரையீரல் புற்றுநோயின் புதிரை அவிழ்த்த ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்

2013 ஜூன் 21. சிங்கப்பூரில் காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்ட நாள். அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்திருக்கலாம். ஜன்னல்களை மூடி வைத்தது, கடையில் முகக்கவசத்துக்கு வரிசை பிடித்தது, ஆஸ்துமா உள்ள தம்பியோ தோழியோ இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது, இதெல்லாம் கொஞ்சமாவது நினைவில் இருக்கும்.

புகைமூட்டம் வந்தாலே உடம்புக்கு ஆகாது என்று நமக்குத் தெரியும். சிகரெட் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்றும் தெரியும். சரி, இதெல்லாம் எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் முதலில் நிரூபித்திருக்க வேண்டும் இல்லையா?

சிகரெட் விஷயத்தில் அதை நிரூபித்தவர்களில் ஒருவர் டாக்டரே இல்லை. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு, நோயால் முடியாமல் போனவர். பெயர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். உலகம் முழுக்கப் பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் இந்தப் பெயர் அத்துப்படி. மற்றவர்கள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பது குறைவு.

சாகப் போகிறவர் என்று அனுப்பப்பட்ட இளைஞர்

ஹில் பிறந்தது 1897-இல், லண்டனில். அப்பா லெனர்ட் ஹில் பெயர் பெற்ற உடலியல் ஆய்வாளர். அப்பாவைப் போல மருத்துவத் துறைக்குப் போக வேண்டும் என்பதுதான் மகனின் ஆசை. அதற்குள் முதல் உலகப் போர் வந்தது. ஹில் கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாகச் சேர்ந்தார். கிரேக்க நாட்டை ஒட்டிய ஏஜியன் கடல் பகுதிக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவரைச் சாய்த்தது எதிரியின் குண்டு அல்ல, காசநோய். அப்போது அதற்கு மருந்தே கிடையாது. பிழைக்க மாட்டார் என்ற நினைப்பில்தான் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வயது இருபதுதான்.

படுக்கை ஓய்வு, நல்ல காற்று, பாதிக்கப்பட்ட நுரையீரலைச் சுருங்க வைக்கும் ஒரு சிகிச்சை. அந்தக் காலத்தில் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஏறக்குறைய இரண்டு வருஷம் மருத்துவமனை, அதன்பின் வீட்டில் நீண்ட ஓய்வு. எல்லாரும் நினைத்ததற்கு மாறாக அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் மருத்துவக் கல்லூரியின் அலைச்சலை அந்த உடம்பு தாங்காது. டாக்டர் கனவு அதோடு முடிந்தது.

படுத்த படுக்கையில் என்ன படிக்கலாம்? அஞ்சல்வழிக் கல்விதான். லண்டன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் எடுத்து, 1922-இல் பட்டம் வாங்கினார். பொருளியலாளராக வேலை பார்க்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. கையில் ஏதாவது ஒரு தகுதி இருக்கட்டும் என்பதுதான் கணக்கு.

கை கொடுத்தவர் அப்பாவின் நண்பர் மேஜர் கிரீன்வுட். ராணுவ மேஜர் இல்லை, அவர் பெயரே மேஜர்தான்! மருத்துவப் புள்ளிவிவரத் துறையின் முன்னோடி. கத்தியும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாமலேயே நோயோடு மல்லுக்கட்ட இன்னொரு வழி இருக்கிறது என்று ஹில்லுக்குக் காட்டியவர் அவர்தான். அந்த வழி, எண்கள்.

பஞ்சுத் தூசிக்குள் ஒரு பாடம்

ஹில்லின் ஆரம்பகால வேலை தொழிலாளர்களைப் பற்றியது. எந்தத் தொழில் செய்பவர்களுக்கு எந்த நோய் அதிகம் வருகிறது, எத்தனை நாள் விடுப்பு எடுக்கிறார்கள் என்று பதிவேடுகளைப் புரட்டிக் கணக்குப் பார்ப்பது.

அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளைப் பற்றியது. பஞ்சாலையில் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் பகுதியில் தூசி அப்படியே மிதக்கும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மற்ற பகுதிகளில் இருந்தவர்களைவிட மூச்சு சம்பந்தமான நோய்கள் அதிகம் என்று 1930-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை காட்டியது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு தொழிலாளி இருமுகிறார் என்றால் அது தூசியாலா, சளியாலா, வயதாலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை, ஒரே மாதிரியான இன்னோர் ஆயிரம் பேரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும். ஹில் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்: நியாயமாக ஒப்பிடுவது.

1937-இல் டாக்டர்களுக்காகப் புள்ளிவிவரப் பாடங்களை லான்செட் மருத்துவ இதழில் தொடராக எழுதினார். அது பிறகு புத்தகமாகி, பல பதிப்புகள் கண்டது. மருத்துவக் கல்லூரிக்குள் மாணவராக நுழைய முடியாதவர், டாக்டர்களுக்கே ஆசிரியர் ஆகிவிட்டார்.

மூடிய உறைக்குள் இருந்த தீர்ப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. காசநோய்க்கு அது வேலை செய்யும் என்று பேச்சு. போரில் கஜானா காலியாகிப்போன பிரிட்டனால் கொஞ்சம் மருந்துதான் வாங்க முடிந்தது. அது எல்லா நோயாளிகளுக்கும் போதாது.

யாருக்குக் கொடுப்பது? டாக்டரே தேர்ந்தெடுத்தால், பிழைக்க வாய்ப்புள்ளவர்களை அவர் தன்னை அறியாமலே தேர்ந்தெடுத்துவிடலாம். பிறகு அவர்கள் குணமானால், அது மருந்தாலா, முதலிலேயே நோய் குறைவாக இருந்ததாலா என்று தெரியாது.

ஹில் சொன்ன வழி எளிமையானது. யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் மாதிரி எழுந்தமான எண்கள் முடிவு செய்யட்டும். முடிவை உறையில் போட்டு மூடிவிடலாம். நோயாளியை ஆய்வில் சேர்த்த பிறகுதான் உறையைத் திறக்க வேண்டும்.

107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து கிடைத்தவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 14 பேர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த 52 பேருக்குக் கிடைத்த படுக்கை ஓய்வு, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹில்லுக்கும் கிடைத்ததுதான். அவர்கள் படுத்திருந்த படுக்கை எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த ஆய்வு நடக்க வேண்டியிருந்தது. மருந்து எப்படியும் எல்லாருக்கும் போதாது. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரியாவிட்டால், பின்னால் வரப்போகும் லட்சக்கணக்கானவர்களுக்கும் பதில் கிடைக்காது.

1948-இல் வெளியான அந்த ஆய்வு, நவீன மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் முன்மாதிரி ஆனது. நீங்கள் போட்டுக்கொண்ட கோவிட் தடுப்பூசியும் இதே குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டதுதான்.

காற்றா, சிகரெட்டா?

அதே காலகட்டத்தில் இன்னொரு விஷயம் பிரிட்டனைக் கவலையில் ஆழ்த்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 612 பேர். 1947-இல் 9,287 பேர். 25 ஆண்டில் சுமார் 15 மடங்கு!

காரணம் என்ன? சந்தேகப் பட்டியலில் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். ஒன்று காற்றுத் தூய்மைக்கேடு: பெருகிவிட்ட கார்களின் புகை, தார்ச்சாலைத் தூசி, தொழிற்சாலைகள், வீட்டுக்கு வீடு எரிந்த நிலக்கரி. இன்னொன்று சிகரெட்.

இன்று நமக்குப் பதில் தெரியும். ஆனால் அன்றைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. வயதுவந்த ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடித்தார்கள். டாக்டர்களும் பிடித்தார்கள். எல்லாரும் செய்யும் ஒரு விஷயத்தை ஆபத்து என்று யாருக்கு நினைக்கத் தோன்றும்? ஹில்லோடு சேர்ந்து வேலை செய்த இளம் டாக்டர் ரிச்சர்ட் டாலுக்கே முதலில் கார் புகையின் மீதும் சாலைத் தாரின் மீதும்தான் சந்தேகம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓர் உதாரணம். உங்கள் வகுப்பில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு. எல்லாரும் நேற்று ஒரே உணவங்காடியில் சாப்பிட்டவர்கள். எந்தக் கடைச் சாப்பாடு காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? நோய்வாய்ப்பட்டவர்களை மட்டும் கேட்டால் போதாது. அங்கே சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவர்களையும் கேட்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் எது வித்தியாசப்படுகிறதோ அதுதான் துப்பு.

லண்டனின் 20 மருத்துவமனைகளில் அதைத்தான் செய்தார்கள். நுரையீரல் புற்றுநோய் உள்ள 709 பேர். அதே வயது, அதே பாலினம், ஆனால் வேறு நோய்க்காகச் சேர்ந்திருந்த இன்னொரு 709 பேர். எல்லாரிடமும் ஒரே மாதிரியான கேள்விகள்.

புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைபிடிக்காதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 2 பேர். ஒப்பிட எடுத்துக்கொண்ட 649 ஆண்களில் 27 பேர். அதோடு, அதிகமாகப் பிடித்தவர்கள் புற்றுநோய்ப் பட்டியலில்தான் கூடுதலாக இருந்தார்கள்.

இன்னொரு துப்பும் கிடைத்தது. முதலில் புற்றுநோய் என்று கருதப்பட்டு, பிறகு அது இல்லை என்று தெரியவந்த சில நோயாளிகளும் இருந்தார்கள். கேள்வி கேட்டபோது, அவர்களுக்குப் புற்றுநோய் என்றுதான் கேட்டவர்களும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய புகைபிடிக்கும் பழக்கம் புற்றுநோய் இல்லாதவர்களின் பழக்கத்தோடுதான் ஒத்துப்போனது. அதாவது, கேட்டவர்களின் எண்ணம் பதில்களைத் திரித்துவிடவில்லை.

1950 செப்டம்பரில் முடிவு வெளியானது. ஆய்வு பாதியைத் தாண்டும்போதே டால் சிகரெட்டை நிறுத்திவிட்டார்.

60 ஆயிரம் கடிதங்கள்

ஆனால் ஊர் நம்பியதா? இல்லை. நோய் வந்த பிறகு பழைய பழக்கத்தைக் கேட்டால் ஞாபகம் சரியாக இருக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஹில் இந்த முறை நேர் எதிராகப் போனார். இப்போது நன்றாக இருப்பவர்களின் பழக்கத்தை முதலில் எழுதி வைத்துக்கொள்வோம். பிறகு யாருக்கு என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்ப்போம்.

ஆனால் யாரைக் கேட்பது? டாக்டர்களையே! அவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள். வருஷங்கள் கழித்தும் தேடிக் கண்டுபிடிக்கலாம். 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்கள் சுமார் 60 ஆயிரம் பேருக்குக் கடிதம் போனது. புகைபிடிக்கிறீர்களா, எவ்வளவு, எப்போது நிறுத்தினீர்கள் என்று சில கேள்விகள் மட்டும். சுமார் 40 ஆயிரம் பேர் பதில் அனுப்பினார்கள்.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1954-இல் முதல் அறிக்கை வந்தது. அதற்குள் 36 டாக்டர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அந்த 36 பேருமே புகைபிடித்தவர்கள். புகைக்கும் அளவு கூடக்கூட மரண விகிதமும் கூடியது.

அதே வருஷம் பிப்ரவரியில் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியட் செய்தியாளர்களைச் சந்தித்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதை அறிவித்தார். அறிவிக்கும்போதே ஒன்று மாற்றி ஒன்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்! அன்றைய மனநிலைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

அப்போ காற்று நல்லதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை அடர்ந்த புகைமூட்டம் மூடியது. குளிருக்கு வீடுகளில் எரித்த நிலக்கரிப் புகை, காற்று அசையாததால் நகரத்தின் மேலேயே தங்கிவிட்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த ஆய்வுகள் சுமார் 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சிகரெட் நிறுவனங்களுக்கோ காற்றைக் குறை சொல்வது வசதியாக இருந்தது. ரொனால்ட் ஃபிஷர் போன்ற மேதைகளும் ஹில்லின் முடிவை எதிர்த்தார்கள். புகைபிடிக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு கொடுத்திருக்கலாமே என்பது ஃபிஷரின் வாதம். அவர் புகையிலை நிறுவனங்களின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹில் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த அந்தக் குலுக்கல் முறையை வயல்வெளிச் சோதனைகளுக்காக முதலில் வளர்த்தெடுத்தவரே ஃபிஷர்தான்.

ஆனால் சிகரெட்டைக் குலுக்கல் போட்டுச் சோதிக்க முடியுமா? பாதிப் பேரை முப்பது வருஷம் புகைபிடியுங்கள் என்று சொல்ல முடியாது. புகைமூட்டமும் அப்படித்தான். அப்படியானால், சோதிக்க முடியாத ஒன்றை எப்படி நிரூபிப்பது?

ஒன்பது கேள்விகள்

1965-இல், ஓய்வு பெற்ற பிறகு, லண்டனில் ஓர் உரையில் ஹில் இதற்குப் பதில் சொன்னார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றன என்றால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்வதற்குமுன் எந்தெந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று ஒன்பது கோணங்களைப் பட்டியலிட்டார். முக்கியமான சில:

- தொடர்பு எவ்வளவு வலுவானது?
- வேறு ஊரில், வேறு ஆட்கள் ஆராய்ந்தாலும் அதே முடிவு வருகிறதா?
- காரணம் முதலில், நோய் பிறகு என்ற வரிசை சரியாக இருக்கிறதா?
- அளவு கூடினால் நோயும் கூடுகிறதா?
- காரணத்தை நீக்கினால் நோய் குறைகிறதா?

கடைசிக் கேள்விக்கு ஆஸ்துமாவிலிருந்தே ஓர் உதாரணம். 1960-களில் இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இறக்கும் இளையர்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. அப்போது புதிதாக வந்திருந்த ஒருவகை இன்ஹேலரை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியது காரணமாக இருக்கலாம் என்று டாலும் சக ஆய்வாளர்களும் 1968-இல் சுட்டிக்காட்டினார்கள். எச்சரிக்கைகள் வந்தன, விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. மரணங்களும் குறைந்தன. பயப்பட வேண்டாம், இன்று உங்கள் பையில் இருப்பது அந்த மருந்து அல்ல. டாக்டர் சொன்னபடி தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

ஹில் இந்த ஒன்பதையும் சட்டமாகச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று டிக் போட வேண்டிய தேர்வுத்தாள் இல்லை இது. யோசிக்க உதவும் கருவி, அவ்வளவுதான்.

அவர் இன்னொன்றும் சொன்னார். எவ்வளவு ஆதாரம் இருந்தால் செயலில் இறங்கலாம் என்பது, செய்யப்போவது என்ன என்பதைப் பொறுத்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கும் ஒரு மருந்தைத் தடுத்து வைக்கக் கொஞ்சம் ஆதாரமே போதும். மக்களைப் பிடிக்காத எரிபொருளை வீட்டில் எரிக்கச் சொல்லவோ, சிகரெட்டை விடச் சொல்லவோ வேண்டுமானால் மிக வலுவான ஆதாரம் தேவை. ஆனால் அறிவியல் எப்போதுமே முழுமையடையாதது. அதைச் சாக்காக வைத்து, இப்போது தெரிந்ததை ஒதுக்கிவிடக் கூடாது என்பதே அவர் உரையை முடித்த விதம்.

அதன் பிறகு?

1961-இல் ஹில்லுக்கு சர் பட்டம் கிடைத்தது. இருபது வயதில் சாகப் போகிறவர் என்று நினைக்கப்பட்டவர், 93 வயது வரை வாழ்ந்து 1991 ஏப்ரலில் காலமானார். டாக்டர்கள் ஆய்வு 2001 வரை 50 ஆண்டுகள் தொடர்ந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார்கள், சீக்கிரம் நிறுத்தினால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அது காட்டியது.

சந்தேகப் பட்டியலில் இருந்த இன்னொரு ஆள் ஞாபகம் இருக்கிறதா? காற்று! அதன் தீர்ப்பு வரத் தாமதமானது. 2013 அக்டோபரில், நம் ஊர்ப் புகைமூட்டம் கலைந்து சில மாதங்களில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளிப்புறக் காற்றுத் தூய்மைக்கேட்டைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. ஒரே பிரிவு என்றால் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆதாரம் அதே அளவு உறுதியானது என்றுதான் அர்த்தம். தனிமனித ஆபத்தில் சிகரெட்தான் இன்றும் பல மடங்கு முன்னால் நிற்கிறது.

2020 டிசம்பரில் லண்டனில் நடந்த ஒரு மரண விசாரணை, ஆஸ்துமாவால் இறந்த ஒரு குழந்தையின் மரணத்துக்குக் காற்றுத் தூய்மைக்கேடும் ஒரு காரணம் என்று பதிவு செய்தது. ஹில் வாழ்ந்த அதே நகரம்.

சிங்கப்பூர் பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைபிடிக்க 1970-லேயே தடை வந்துவிட்டது. இன்று அது நமக்குச் சாதாரணம். அந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் 709 நோயாளிகளின் பதில்களும், 40 ஆயிரம் டாக்டர்களின் கடிதங்களும் இருக்கின்றன.

ஆகவே, அடுத்த முறை குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில், எங்க தாத்தா தினமும் ஒரு பாக்கெட் பிடிச்சும் 90 வயசு வரைக்கும் இருந்தாரே என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தத் தாத்தா மாதிரியே புகைபிடித்த மற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் 90-ஐப் பார்த்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஹில் கேட்டிருப்பதும் அதைத்தான்.